தங்கம் போன வழியும் பாடல் திரும்பிய வழியும்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மலைகள் கடலுக்குள் நேராக இறங்கி நிற்கும் இடத்தில், ஸ்காக்வே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த துறைமுகம் அது. அங்கிருந்து மலையேறிக் கனடாவின் யூகான் பிரதேசத்துக்குள் செல்லும் இருப்புப்பாதை ஒன்று உண்டு. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றே அடி அகலம். அப்பாதையில் சிறிது தொலைவு புகைவண்டியிலும், பிறகு பேருந்திலுமாக, வடக்கே டாசன் நகரம் வரை சென்று வருவது கோடைக்காலத்தில் பலரும் விரும்பும் பயணமாக இருக்கிறது.

பனி மூடிய சிகரங்களையும் ஏரிகளையும் ஆளரவமற்ற காடுகளையும் காணவே பெரும்பாலோர் செல்கின்றனர். கண்ணுக்கு அவை குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அந்த வழி முழுவதும், 1897-ஆம் ஆண்டில் தங்கத்தைத் தேடி ஓடிய மனிதர்களின் வழி. அதே வழியின் முடிவில், தங்கத்தைக் காட்டிலும் அரியதொன்றைப் பிறரிடம் ஒப்படைத்துப் பாதுகாத்த ஒரு சமூகமும் வாழ்கிறது.

வான்கூவர் நகரில் மகள் வீட்டுக்கு வந்திருந்த தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், ஒரு ஜூலை மாதத்தில் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் இப்பயணத்தை மேற்கொண்டார். வயது எழுபதை நெருங்கியவர். தங்கம் என்பது அவருக்குப் புத்தகச் செய்தியன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் நான்கு வளையல்களை இருமுறை வங்கியில் அடகு வைத்து, இருமுறையும் வட்டியோடு செலுத்தி மீட்டவர். அந்த வளையல்கள் இப்போது மகளின் கையில் இருந்தன.

கடல் மட்டத்திலிருந்து கணவாய் வரை

வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பல், தீவுகளுக்கு இடையே அமைந்த அமைதியான நீர்வழியில் வடக்கே சென்று ஸ்காக்வேயை அடைகிறது. புகைவண்டி கடல் மட்டத்தில் புறப்பட்டு, இருபது மைல் தொலைவுக்குள் ஏறக்குறைய 2,900 அடி உயரம் ஏறி, 'ஒயிட் பாஸ்' எனப்படும் கணவாயை எட்டுகிறது. பற்சக்கரம் ஏதுமின்றிச் சாதாரணத் தண்டவாளத்திலேயே இவ்வளவு ஏற்றமும் நிகழ்கிறது. ஏறும்போது இடப்பக்க இருக்கைகளே சிறந்தவை. பள்ளத்தாக்கும் அருவிகளும் அப்பக்கமே விரியும்.

இப்பாதையின் பணி 1898 மே மாத இறுதியில் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்தவர்கள் பணம் போட, மைக்கேல் ஹீனி என்னும் ஒப்பந்தக்காரர் கட்டுமானப் பொறுப்பை ஏற்றார். கருங்கல் மலையை வெடிமருந்தால் பிளந்து, செங்குத்தான பாறை முகத்தில் வழி செதுக்க வேண்டியிருந்தது. கயிற்றில் தொங்கியபடி தொழிலாளர்கள் பாறையில் துளையிட்டனர். 1899 பிப்ரவரியில் பாதை கணவாயின் உச்சியை எட்டியது. 1900 ஜூலை 29 அன்று கார்க்ராஸ் என்னுமிடத்தில், இரு திசைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. 110 மைல் பாதை முடிய 26 மாதங்கள் ஆயின.

வழியில் ஒரு பாறையின் மீது கறுப்புச் சிலுவை ஒன்று நிற்கிறது. 1898 ஆகஸ்ட் 3 அன்று வெடி வைத்தபோது சரிந்த பெரும் பாறையின் அடியில் இரு தொழிலாளர்கள் சிக்கினர். ஏறக்குறைய நூறு டன் எடையுள்ள அப்பாறையை அகற்ற இயலவில்லை. அதுவே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. புகைவண்டியின் ஒலிபெருக்கியில் இச்செய்தி சொல்லப்பட்டபோது, அந்த அம்மையார் இருக்கையை விட்டு எழுந்து நின்றார். அவர் ஏன் எழுந்தார் என்று பேத்திக்குப் புரியவில்லை. ஆயினும் அவளும் எழுந்து நின்றாள்.

மூவாயிரம் குதிரைகள்

1896 ஆகஸ்டில், க்ளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடையில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியுலகை எட்ட ஓராண்டு பிடித்தது. 1897 ஜூலையில் தங்கத்தோடு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் வந்து நின்றதும், ஊர் ஊராக மக்கள் புறப்பட்டனர். அது அமெரிக்காவில் பொருளாதாரம் நொடிந்து, வேலையின்றிப் பலர் தவித்த காலம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. டாசனைச் சென்றடைந்தவர் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேரே.

ஓராண்டுக்கான உணவும் கருவிகளும் இல்லாதவர்களைக் கனடாவின் காவல் படையினர் எல்லையில் அனுமதிக்கவில்லை. பட்டினிச் சாவைத் தடுக்கவே அந்த விதி. ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை. பக்கத்திலுள்ள சில்கூட் கணவாயில் குதிரைகள் ஏற முடியாத செங்குத்து. மனிதர்கள் தாமே மூட்டைகளைச் சுமந்தனர். ஐம்பது அறுபது பவுண்டு மூட்டையை உச்சியில் வைத்துவிட்டு, இறங்கி வந்து அடுத்த மூட்டையைத் தூக்க வேண்டும். இப்படி ஒரே மலையை முப்பது, நாற்பது முறை ஏறினர்.

ஒயிட் பாஸ் வழியில் குதிரைகளைக் கொண்டுபோக முடிந்தது. அதுவே அவற்றுக்குக் கேடாயிற்று. மலைப் பழக்கமில்லாத, வயதான, நோயுற்ற குதிரைகளைக்கூட விலைக்கு வாங்கி, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி, தீவனம் இன்றி ஓட்டினர். சேற்றிலும் பாறை இடுக்குகளிலும் கால் முறிந்து வீழ்ந்தவை அப்படியே விடப்பட்டன. 1897, 1898 ஆகிய இரு ஆண்டுகளில் ஏறக்குறைய 3,000 குதிரைகள் அந்த வழியில் இறந்தன. 'இறந்த குதிரைப் பள்ளத்தாக்கு' என்றே ஓர் இடத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் குதிரைகளுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னமும் உண்டு.

புகைவண்டியின் சன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ப்புறப் பாறையில் அந்தப் பழைய நடைவழி ஒரு கோடாகத் தெரிகிறது. இரண்டடி அகலம்தான் இருக்கும். மேலே பனி, கீழே நுரைத்தோடும் ஆறு, நடுவே அந்தக் கோடு. அதன் அழகைக் கண்டு படம் எடுக்காதவர் இல்லை. அதன் கதையைக் கேட்டதும் படம் எடுத்த கைகள் சற்றே தயங்குகின்றன.

இவ்வளவு துன்பமும் எதற்காக? பெரும்பாலோர் டாசனை அடைந்தபோது 1898-ஆம் ஆண்டின் கோடை வந்திருந்தது. அதற்குள் தங்கம் விளையும் ஓடைகள் யாவும், முன்னரே அங்கிருந்தவர்களின் பெயரில் பதிவாகிவிட்டன. வந்தவர்களில் பலர் மண்வெட்டியை ஒருமுறைகூட மண்ணில் வைக்காமல் திரும்பினர். மறு ஆண்டே அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று கேள்விப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் டாசனை விட்டு அங்கே ஓடினர்.

பேருந்தில் வடக்கு நோக்கி

ஃப்ரேசர் என்னும் எல்லை நிலையத்தில் பயணிகள் புகைவண்டியிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறுகின்றனர். கடவுச்சீட்டுகள் அங்கே சரிபார்க்கப்படுகின்றன. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளின் விசாவையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். 

பேருந்து ஏரிகளின் கரையோரமாகவே செல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் அதிகம். கார்க்ராஸ் அருகே மரகத ஏரி என்றொரு நீர்நிலை இருக்கிறது. அதன் அடியில் படிந்துள்ள வெண்மையான சுண்ணாம்புச் சேறு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நீர் பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காய்த் தெரிகிறது. அருகிலேயே மணல்மேடுகள் நிறைந்த சிறு பாலை ஒன்று. பண்டைய பனிக்கால ஏரியின் அடிமணலைக் காற்று கொண்டுவந்து குவித்து வைத்திருக்கிறது. எதிரில் பனிமலை இருக்க, காலடியில் மணல் சுடுவது புதுமையான அனுபவம்.

கார்க்ராஸ் கல்லறைத் தோட்டத்தில், க்ளோண்டைக் தங்கத்தை முதலில் கண்டவர்களுள் மூவர் உறங்குகின்றனர். கீஷ் என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்கூக்கம் ஜிம், அவருடைய உறவினரான டாசன் சார்லி, ஜிம்மின் சகோதரி கேட். மூவரும் அம்மண்ணின் பூர்வகுடிகள். கேட்டின் கணவர் ஜார்ஜ் கார்மாக் வெள்ளையர். தங்கம் கண்டெடுத்த உரிமை பலகாலம் அவர் பெயரிலேயே வழங்கி வந்தது. செல்வம் சேர்ந்த சில ஆண்டுகளில், 1900-இல், கார்மாக் தம் மனைவியைக் கைவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். கேட் வெறுங்கையுடன் கார்க்ராஸுக்குத் திரும்பி, 1920-இல் விஷக்காய்ச்சலில் இறந்தார். கனடாவின் சுரங்கத்துறைப் புகழாளர் பட்டியலில் மற்றவர்களின் பெயர்கள் முன்பே இடம்பெற்றுவிட்டன. கேட்டின் பெயர் சேர 2019 வரை ஆயிற்று.

ஸ்கூக்கம் ஜிம் வேறொரு முடிவை எடுத்தார். 1916-இல் இறக்கும் முன், தம் செல்வத்தை யூகான் பூர்வகுடி மக்களின் நலனுக்கான அறநிதியாக எழுதி வைத்தார். ஒயிட்ஹார்ஸ் நகரில் அவர் பெயரில் ஒரு மக்கள் நல மையம் இன்றும் இயங்குகிறது. அந்த ஓடையில் கிடைத்த தங்கம் எத்தனையோ கைகளுக்குப் போய் மறைந்தது. அறத்துக்கென ஒதுக்கப்பட்ட சிறு பகுதி மட்டும் பெயர் சொல்லி நிலைத்திருக்கிறது.

யூகானின் தலைநகரான ஒயிட்ஹார்ஸில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை பேருந்து வடக்கே புறப்படுகிறது. டாசன் வரை ஏறக்குறைய 530 கிலோமீட்டர். வழியெங்கும் ஊசியிலைக் காடு. சில இடங்களில் மைல் கணக்கில் கருகிய மரங்கள் கம்பங்களாக நிற்கின்றன. கோடை மின்னலால் பற்றும் காட்டுத்தீ அங்கே இயல்பான நிகழ்ச்சி. கருகிய அந்த மண்ணில் முதலில் முளைப்பது 'ஃபயர்வீட்' எனப்படும் செடி. ஜூலையில் சாலையின் இருமருங்கும் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்துக் கிடக்கின்றன. யூகான் பிரதேசம் அதையே தன் அடையாள மலராக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வட துருவத்தை நெருங்க நெருங்கப் பகல் நீளுகிறது. டாசனில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைவது நள்ளிரவை ஒட்டித்தான். மறைந்த பின்னரும் முழு இருள் கவிவதில்லை. சந்தி விளக்கு ஏற்றும் பொழுது எது என்று அம்மையார் மகளைக் கேட்டார். அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவும் அனுமதி இல்லை. கடிகாரத்தில் மாலை ஆறரை ஆனதும், உச்சி வெயில் போன்ற அந்த வெளிச்சத்திலேயே, சன்னலருகில் அமர்ந்து கைகூப்பினார்.

கல் குவித்த பள்ளத்தாக்கு

டாசனுக்குள் நுழையும் முன்பே, சாலையின் இருபுறமும் கூழாங்கற்கள் மேடுமேடாகக் குவிந்து கிடப்பதைக் காணலாம். முதலில் அவை இயற்கையானவை என்றே தோன்றும். உண்மையில் அவை தங்கம் அரித்து எடுத்த பின் துப்பப்பட்ட மிச்சம். மண்வெட்டியும் சல்லடையும் கொண்டு தனி மனிதர் செய்த வேலை முடிந்ததும், நிறுவனங்கள் மாபெரும் அகழ்விப்பு எந்திரங்களைக் கொண்டுவந்தன. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்தபடி, முன்புறம் வாளிகளால் ஆற்றுப்படுகையை அள்ளி, வயிற்றில் தங்கத்தைப் பிரித்து, பின்புறம் கற்களைக் கொட்டிக்கொண்டே அந்த எந்திரம் நகரும்.

அவற்றுள் நான்காம் எண் எந்திரம் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1912-இல் கட்டப்பட்டு 1959 வரை உழைத்த அது, எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் உடையது. அதன் அருகே நின்ற அம்மையார், பள்ளத்தாக்கு நெடுக நீண்ட கற்குவியல்களைப் பார்த்து மகளிடம் சொன்னார்:

"வளையல் செய்யும்போது செதுக்கிய பொடியைக்கூட ஆசாரி ஊதிச் சேர்த்து எடுத்து வைப்பார். மண்ணுக்கு மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தாயா."

டாசனில் 1898-இல் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். இன்று அங்கு வாழ்வோர் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர். மண்தெருக்களும் மரப்பலகை நடைபாதைகளும் அப்படியே பேணப்படுகின்றன. அடியில் நிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால், வீட்டின் சூடு இறங்கி மண் இளகினால் கட்டடம் சாய்ந்துவிடும். சாய்ந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இரு பழைய கடைகளைச் சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் படமெடுக்கின்றனர்.

அடைக்கலம் வைத்த பாடல்கள்

க்ளோண்டைக் என்னும் பெயரே திரிந்த சொல். 'ட்ரொண்டெக்' என்பதே அந்த ஆற்றுக்கு அம்மக்கள் இட்ட பெயர். மீன் பிடிக்கும் தடுப்புவேலிக்கான முளைகளை ஆற்றுப்படுகையில் அடித்து இறக்க உதவும் சம்மட்டிக் கல்லைக் குறிக்கும் சொல் அதில் அடங்கியிருக்கிறது. வந்தவர்களின் நாவில் அது நுழையாமல் க்ளோண்டைக் ஆயிற்று. ஆற்றோரம் வாழ்ந்த மக்கள் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் எனப்படுவோர். யூகான் பேராற்றில் க்ளோண்டைக் கலக்கும் முகத்துவாரத்தில், கோடைதோறும் சால்மன் மீன் பிடித்து, உலர்த்தி, நீண்ட குளிர்காலத்துக்குச் சேமித்து வைப்பது அவர்கள் வழக்கம்.

தங்கம் தேடி வந்தவர்கள் அந்த முகத்துவாரத்தையே பிடித்துக்கொண்டனர். காடு வெட்டப்பட்டது, வேட்டை விலங்குகள் விலகின, நோய்கள் பரவின, மது வந்தது. அம்மக்களின் தலைவர் ஐசக் என்பவர். எண்ணிக்கையில் பன்மடங்கு மிக்க கூட்டத்தோடு மோதினால் தம் மக்கள் அழிவர் என்பதை அவர் அறிந்தார். 1897-இல் ஆற்றின் போக்கில் ஐந்து கிலோமீட்டர் கீழே உள்ள மூஸ்ஹைட் என்னும் இடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றார்.

நிலத்தைக் காப்பாற்ற இயலாத நிலையில் வேறெதைக் காப்பாற்றுவது என்று அவர் எண்ணிப் பார்த்தார். அம்மக்களுக்கு எழுத்து வழக்கில்லை. முன்னோர் வரலாறும் வழிபாடும் நன்றியும் துக்கமும் யாவும் பாடலாகவும் ஆடலாகவும் வாய்வழியே வந்தவை. புதிதாக வந்து குவிந்த கூட்டத்தின் நடுவே இளையோர் அவற்றை மறந்துவிடுவர் என்று ஐசக் அஞ்சினார். ஆகவே, மேற்கே அலாஸ்காவில், இக்கூட்டத்தின் வழியை விட்டு விலகி வாழ்ந்த தம் உறவினரிடம் அப்பாடல்களையும் ஆடல்களையும் கற்றுக் கொடுத்தார். ஆடலை முன்னின்று நடத்தும் கன்ஹாக் என்னும் கோலையும் அவர்களிடம் ஒப்படைத்தார். தம் மக்கள் மீண்டும் பெற்றுக்கொள்ளும் நாள் வரும் வரை காத்துத் தருமாறு கேட்டுக்கொண்டார்.

அவர் அஞ்சியது நடந்தது. பின்வந்த பல பத்தாண்டுகளில், பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே தாய்மொழி பேசத் தடை இருந்தது. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச ஒரு மொழி இல்லாமற் போயிற்று. ஐசக் 1932-இல் மறைந்தார். மூஸ்ஹைட்டில் பள்ளி மூடப்பட்டு, 1950-களின் முடிவில் அந்தக் குடியிருப்பும் ஏறக்குறைய வெறுமையாயிற்று. பாடல்கள் டாசனில் ஒலிக்காமல் நின்றன.

அலாஸ்காவில் அவை நிற்கவில்லை. ஒப்படைத்தவர் மறைந்த பின்னும், பெற்றுக்கொண்டவர்கள் பாடிக்கொண்டே இருந்தனர். தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். 1990-களில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் உறவினரை நாடிச் சென்றனர். பாடல்களும் ஆடல்களும் திரும்பின. மூஸ்ஹைட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்கூட்டம் கூடி அவற்றைப் பாடி ஆடும் வழக்கம் வேரூன்றியது. 1998-இல் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் அம்மக்களுக்குத் தன்னாட்சி உரிமை கிடைத்தது. ஆற்றங்கரையில் அவர்களுடைய பண்பாட்டு மையமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 2023-இல் ட்ரொண்டெக்-க்ளோண்டைக் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வங்கியில் பொருளை ஒப்படைத்தால் ரசீது உண்டு, சாவி உண்டு, சட்டம் உண்டு. இங்கே இருந்தது ஒருவர் சொல்லும், மற்றவர் நாணயமும் மட்டுமே. நகையை அடைக்கலமாக வைத்திருப்பவர் அதை அணிந்தால் தவறு. பாடலை அடைக்கலமாக வைத்திருப்பவரோ அதைப் பாடிக்கொண்டே இருந்தால்தான் அது தேயாமல் இருக்கும். பெட்டியில் பூட்டிய பாடல் இறந்துவிடும். அலாஸ்கா உறவினர் செய்த காவல் இந்த அரிய வகையைச் சேர்ந்தது.

மீனுக்கு ஒரு தவணை

டாசன் ஆற்றங்கரையில் மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள் வெறுமையாக நிற்பதைப் பார்க்க நேரலாம். கடலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் எதிர்நீச்சலிட்டு வரும் சினூக் சால்மன் மீன்கள் மிகவும் குறைந்துவிட்டன. 2024-இல் அமெரிக்காவும் கனடாவும் யூகான் ஆற்றில் இம்மீனைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்க உடன்பட்டன. ஏழு ஆண்டு என்பது அம்மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று. பிறந்த குஞ்சு கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடத் திரும்பும் வரை காத்திருக்கும் தவணை அது. மீன் பிடிப்பதோடு சேர்ந்தே பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்தவை பல. கத்தி பிடிக்கும் முறை, ஆற்றுக்கு நன்றி கூறும் முறை, மூத்தோர்க்கு முதல் பங்கு கொடுக்கும் முறை ஆகியவற்றை, மீன் இல்லாத கோடையில் எப்படிக் கற்பிப்பது என்பது அம்மக்களின் இன்றைய கவலை. பாடலைப் போல மீனை யாரிடமும் ஒப்படைத்து வைக்க இயலாது.

பண்பாட்டு மையத்தில் இச்செய்திகளைக் கேட்டு வந்த இரவு, அம்மையார் நெடுநேரம் உறங்கவில்லை. திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அவருடைய தாயார் ஊரில் எந்தத் திருமணமானாலும் அழைக்கப்பட்டவர். ஊஞ்சல், நலங்கு, ஆரத்தி ஆகியவற்றுக்கெனத் தனித்தனிப் பாடல்கள் நாற்பதுக்கும் மேல் அவருக்குத் தெரியும். ஒன்றும் அச்சில் வந்ததில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. மகளின் திருமணத்தின்போது நாகசுரக்காரர்களும் ஒலிபெருக்கியும் இருந்ததால், அவற்றைப் பாட வேண்டிய தேவையே எழவில்லை.

திரும்பும் பேருந்தில், காடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் மெல்லிய குரலில் ஓர் ஊஞ்சல் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அடுத்த அடி வரவில்லை.

"மறந்துபோச்சா பாட்டி?" என்றாள் பேத்தி.

"எனக்கு மறந்துபோச்சு கண்ணம்மா. கும்பகோணத்துச் சின்னப் பாட்டிக்கு ஞாபகம் இருக்கலாம்."

அன்று இரவு எட்டு மணிக்கு ஒயிட்ஹார்ஸிலிருந்து தொலைபேசி சென்றது. கும்பகோணத்தில் மறுநாள் காலை எட்டரை. தங்கை அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். "அம்மாவோட ஊஞ்சல் பாட்டு, ரெண்டாம் சரணம் சொல்லேன்" என்று அக்கா கேட்டதும், மறுமுனையில் சிறிது மௌனம். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பவா கேக்கறே அக்கா?" என்றார் தங்கை. பிறகு முழுப் பாட்டையும் பாடினார். அவரிடம் முதல் சரணத்தில் ஒரு சொல் மாறியிருந்தது. அதை அக்கா திருத்தினார்.

பேத்திக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்துகளில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அம்மா அதைத் தமிழில் எழுதித் தருவதாகச் சொன்னார். மீண்டும் ஸ்காக்வே செல்லும் வழியில், மரகத ஏரியைக் கடந்து புகைவண்டி நிலையம் சேர்வதற்குள், அந்தச் சிறுமிக்கு முதல் சரணம் மனப்பாடமாகியிருந்தது. உச்சரிப்பு சரியில்லை. ராகம் சரியாக இருந்தது. இன்னும் முப்பத்தொன்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் மீதம் இருக்கின்றன.